பிரைமருக்கு முன்னால் ஒரு கையெழுத்து: ஒப்பந்தப்புள்ளி தயாரிக்கும் பொறியாளர்களுக்குத் திறந்த மடல்

தமிழகக் கடலோர மாவட்டங்களில் இரும்புக் கட்டுமானங்களுக்கு மதிப்பீடும் ஒப்பந்தப்புள்ளியும் தயாரிக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

இரும்புக்குப் பெயின்ட் அடிக்கும் வேலையைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் தொழில். அனல்மின் நிலையக் குழாய்த் தாங்கிகள், துறைமுகக் கன்வேயர் கேலரிகள், எண்ணெய்த் தொட்டிகள், நடைமேம்பாலங்கள் என்று கடற்காற்று படும் இடங்களிலேயே பெரும்பாலும் வேலை. நீங்கள் தயாரித்த ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சைட்டில் நிற்கிறேன். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் நான் கேட்க முடியும், எழுதாததைக் கேட்டால் "எந்த ஷரத்தில் இருக்கு சார்?" என்று கான்ட்ராக்டர் திருப்பிக் கேட்பார். கேட்பது நியாயம்தான். அதனால்தான் இந்த மடலை அவருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். மேற்பரப்புத் தயாரிப்பை, அதாவது பெயின்ட்டுக்கு முன் இரும்பைச் சுத்தம் செய்து சொரசொரப்பாக்குவதை, பெயின்ட் வேலைக்குள் "உட்பட" என்ற ஒற்றைச் சொல்லில் அடக்காதீர்கள். அதைத் தனி ஐட்டமாகப் பிரித்து, தனி விலையும் தனி அளவும் தனி ஆய்வும் வையுங்கள். பரப்பில் குறை இருந்தால் அதை யார், எப்படி, யார் செலவில் சரிசெய்வது என்பதைப் பிரைமர் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே ஆவணம் சொல்லிவிட வேண்டும்.

இப்போது வழக்கத்தில் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். துரு, அழுக்கு, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, ஒரு கோட் பிரைமரும் இரண்டு கோட் ஃபினிஷும் அடிப்பது உட்பட, சதுர மீட்டருக்கு இத்தனை ரூபாய். சில ஆவணங்களில் இதோடு "பொறுப்புப் பொறியாளர் திருப்தியுறும் வகையில்" என்றும் இருக்கும். குறைந்த விலைக்காரராக (எல்1) வருவதற்காக விலையைக் கடித்துப் போட்ட கான்ட்ராக்டர் எங்கே மிச்சம் பிடிப்பார்? பெயின்ட்டில் பிடிக்க முடியாது; டப்பாவை எண்ணிவிடலாம், கேஜை வைத்துத் தடிமனை அளந்துவிடலாம். அடியில் இருந்த துருவும் உப்பும் மட்டும் பிரைமர் விழுந்ததும் கண்ணுக்கு மறைந்துவிடும். மிச்சம் அங்கேதான் பிடிக்கப்படுகிறது. அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஒழுங்காக பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் துகள்களைப் பாய்ச்சி இரும்பைச் சுத்தமாக்குவது) செய்வதற்கான விலையைப் போட்டிருந்தால் அவருக்கு அந்த வேலையே கிடைத்திருக்காது.

முதலில் புதுத் தகட்டைப் பற்றி. உருட்டாலையில் செந்தணலாக உருளும்போதே தகட்டின் மேல் நீலக் கருமையாக ஓர் ஆக்சைடு படலம் பிடித்துவிடும். மில் ஸ்கேல் என்கிறோம். வழவழவென்று, துருவே இல்லாததுபோல் தெரியும். "புது மெட்டீரியல்தானே, துடைச்சுட்டு ரெட் ஆக்சைடு அடிச்சிடலாம்" என்று பலர் சொல்வதற்கு இந்தத் தோற்றம்தான் காரணம். ஈரம் பட்டால் மில் ஸ்கேலும் இரும்பும் சேர்ந்து ஒரு மின்கலமாகிவிடும். அதில் கரைவது இரும்பு. ஸ்கேலில் விரிசல் விழுந்த இடமெல்லாம் அரிப்பு குவிந்து குழி விழும். வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் தகட்டிலிருந்து ஸ்கேல் பெயரும்போது அதன் மேல் அடித்த பெயின்ட்டும் கூடவே பெயரும். கம்பி பிரஷ் இதை எடுக்காது. பவர் பிரஷ்ஷை அழுத்தி ஓட்டினால் ஸ்கேல் பளபளப்பாகும்; பார்ப்பவர் பளபளப்பைப் பார்த்துச் சரி சொல்லிவிடுவார். பிடிமானத்துக்குத் தேவை சொரசொரப்பு, பளபளப்பு அல்ல.

கடற்கரையிலிருந்து தள்ளி, கரூரிலோ சேலத்திலோ ஒரு காம்பவுண்ட் கேட்டுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையால் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, எண்ணெய் போகத் துடைத்து அடித்தால் அதற்குப் போதும். எல்லா இரும்புக்கும் எஸ்ஏ 2½ (ஏறக்குறைய வெற்று இரும்பு தெரியும்வரை பிளாஸ்டிங் செய்த தரம்) கேட்டு எழுதுவது இன்னொரு வகைச் சோம்பேறித்தனம். தேவையில்லாத இடத்தில் கேட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். செய்யாமல் விட்டுப் பழகிய கை தேவையான இடத்திலும் செய்யாது. ஐஎஸ்ஓ 12944 என்ற சர்வதேசத் தரநூல், இரும்பை எவ்வளவு அரிக்கும் என்பதை வைத்துச் சூழல்களைத் தரம் பிரித்திருக்கிறது. உப்பு மிகுந்த கடலோரம் அதில் சி5. கடலுக்குள் நிற்பவை சிஎக்ஸ். நான் பேசுவது இந்த இரண்டையும் பற்றித்தான். இந்தக் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதற்கு வெளியே சாட்சி தேட வேண்டியதில்லை. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதி துருவால் பலவீனமானதால் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும்வரை ராமேசுவரத்துக்கு ரயில் இல்லை.

எஸ்ஏ 2½ என்று எழுதுவதிலும் ஒரு குறை இருக்கிறது. அது முடிவில் எப்படி இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது. இரும்புப் பரப்பின் நிலையைப் படங்களோடு வரையறுக்கும் ஐஎஸ்ஓ 8501 தொடக்க நிலையையும் ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரிக்கிறது. ஏ என்றால் ஸ்கேல் ஒட்டியிருக்கும், துரு ஏறக்குறைய இல்லாத தகடு. டி என்றால் ஸ்கேல் முழுக்கத் துருவாகிப் போய், கண்ணுக்குத் தெரியும்படி எங்கும் குழி விழுந்த தகடு. இரண்டையும் பிளாஸ்டிங் செய்து எஸ்ஏ 2½-க்குக் கொண்டுவரலாம், படத்தோடு ஒப்பிட்டுச் சரியும் சொல்லலாம். ஆனால் டி தகட்டின் குழிகளுக்குள் உப்பு இருக்கும், ஏ தகட்டில் இருக்காது. யார்டில் ஒரு மழைக்காலம் முழுக்க வெறும் தரையில் கிடந்த செக்‌ஷனை எடுத்து வந்து பிளாஸ்டிங் செய்துவிட்டு, "எஸ்ஏ 2½ ஆச்சு சார்" என்று சொல்வதை நான் மறுக்க முடியாமல் நின்றிருக்கிறேன். எந்தத் தரத்துக்குக் கீழே போன இரும்பை உள்ளே விடக்கூடாது என்று ஆவணத்தில் ஒரு வரி இருந்திருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது.

அடுத்தது ஃபேப்ரிகேஷன், அதாவது தகட்டை வெட்டி வெல்ட் செய்து கட்டுமானமாக்கும் வேலை. பெயின்டருக்கும் ஃபேப்ரிகேட்டருக்கும் இடையில் ஓயாத தகராறு இது. வெல்டிங் முடிந்த ஜாயின்ட்டைப் பாருங்கள்: இருபுறமும் ஸ்பாட்டர் குண்டுகள் (தெறித்து ஒட்டிய உலோகத் துளிகள்), சொரசொரவென்ற வெல்ட் கோடு, ஓரத்தில் அண்டர்கட் (வெல்ட் ஓரத்தில் விழுந்த பள்ளம்), கேஸ் கட்டிங் செய்த விளிம்பில் பல் பல்லாக வெட்டு. பெயின்ட் திரவம், கூர்மையான விளிம்பில் நிற்காமல் இருபுறமும் ஒதுங்கிவிடும். நடுத்தகட்டில் 250 மைக்ரான் காட்டும் கேஜ் விளிம்பில் அதில் பாதிகூடக் காட்டாமல் போகும். கடலோரக் கட்டுமானங்களில் துரு பெரும்பாலும் விளிம்பிலும் போல்ட்டிலும் வெல்டிலும் முதலில் தலைகாட்டுவது இதனால்தான். சரிசெய்வது எளிது. ஸ்பாட்டரைச் செதுக்கி எடுத்து, விளிம்பைக் கிரைண்டரில் 2 மில்லிமீட்டர் ஆரம் வரும்வரை மழுக்கி, அண்டர்கட்டையும் பின்ஹோலையும் (ஊசித்துளை) வெல்டால் நிரப்பித் தேய்த்தால் போதும். ஆனால் இதையெல்லாம் பிளாஸ்டிங்குக்கு முன்பே முடிக்க வேண்டும். பிளாஸ்டிங்குக்குப் பிறகு கிரைண்டர் ஓடினால் அந்த இடத்தின் சொரசொரப்பு போய்விடும். அங்கே மட்டும் மறுபடி பிளாஸ்டிங் செய்தாக வேண்டும்.

யார் செய்வது என்பதில்தான் சிக்கல். ஃபேப்ரிகேட்டர், "என் வேலைக்கு வெல்ட் இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சு பில்லும் போயாச்சு" என்பார். பெயின்டர், "கிரைண்டிங் என் ரேட்டில் இல்லை" என்பார். இரண்டும் உண்மை. ஐஎஸ்ஓ 8501-ன் மூன்றாம் பாகம் இதற்காகவே இருக்கிறது. வெல்ட், விளிம்பு, தகட்டின் பரப்பு எவ்வளவு திருந்தியிருக்க வேண்டும் என்பதை பி1, பி2, பி3 என்று மூன்று படிகளாக, குறைக்குக் குறை படத்தோடு சொல்கிறது. "பி3 தரத்துக்கு ஃபேப்ரிகேட்டர் தன் செலவில் திருத்தி, பிளாஸ்டிங்குக்கு முன் ஒப்படைக்க வேண்டும்" என்ற ஒரு வரியை நீங்கள் ஃபேப்ரிகேஷன் ஒப்பந்தத்தில் சேர்த்தால், பெயின்ட் கான்ட்ராக்டரின் தலையில் அது வந்து விழாது. இந்தப் பாகத்தின் எண்ணைத் தமிழ்நாட்டு ஆவணங்களில் நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். இரண்டு ஆங்கிளை முதுகோடு முதுகாக வைத்து நடுவில் பிரஷ்கூட நுழையாத இடைவெளி விடும் டிசைனைப் பற்றி இங்கே பேசவில்லை. அதற்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.

எண்ணெய் பற்றி ஒரு பெரிய தவறான எண்ணம் உண்டு: பிளாஸ்டிங் எல்லாவற்றையும் எடுத்துவிடும் என்பது. பிளாஸ்டிங்கில் அடிக்கும் துகளான கிரிட் எண்ணெயை எடுக்காது. பரப்பில் பரப்பிவிடும், சொரசொரப்பின் பள்ளங்களுக்குள் அடித்து ஏற்றிவிடும், அந்தக் கிரிட்டைத் திருப்பி எடுத்துப் போட்டால் அடுத்த தகட்டுக்கும் ஏற்றிவிடும். எண்ணெய் போக வேண்டியது பிளாஸ்டிங்குக்கு முன்னால். அதற்குத் தின்னரில் நனைத்த பனியன் வேஸ்ட்டால் துடைக்கிறார்கள். ஒரே துணியை நாள் முழுக்க முக்கி முக்கித் துடைத்தால் எண்ணெய் மெலிந்து எல்லா இடத்துக்கும் பரவுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. நீரில் கலக்கும் டிடர்ஜென்ட் போட்டுத் தேய்த்து நல்ல தண்ணீரில் அலசுவதுதான் ஒழுங்கான வழி. அலசிய பரப்பில் தண்ணீர் படலமாக நின்றால் சரி. முத்து முத்தாகப் பிரிந்தால் எண்ணெய் இன்னும் இருக்கிறது.

எண்ணெய் கம்ப்ரஸரிலிருந்தும் வரும். காற்றைத் திறந்து நாசிலுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் பிடித்தால் தெரிந்துவிடும். கறையோ ஈரமோ பட்டால் அன்றைக்கு பிளாஸ்டிங் கிடையாது, காற்றிலிருந்து எண்ணெயையும் ஈரத்தையும் பிரிக்கும் செப்பரேட்டரைச் சரிசெய்த பிறகுதான். செலவே இல்லாத சோதனை இது. கேட்கவேண்டும் என்று எழுதியிருந்தால் கேட்பேன்.

இனி உப்பு. கடலோரத்துக்கு இதுதான் முதல் எதிரி, இதைத்தான் கண்ணால் பார்க்க முடியாது. வெள்ளை வெளேரென்று பிளாஸ்டிங் செய்த தகட்டிலும் உப்பு இருக்கலாம். பெயின்ட் படலம் தண்ணீரை முற்றிலும் தடுப்பதில்லை. மெல்ல மெல்ல ஈரம் உள்ளே இறங்கும். அடியில் உப்பு இருந்தால் அது ஈரத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், படலத்துக்கு அடியில் நீர் சேர்ந்து கொப்புளமாக எழும்பும். ஊசியால் குத்தினால் உள்ளிருந்து நீர் வரும், அடியில் இரும்பு கறுத்திருக்கும். இதைப் பெயின்ட் கம்பெனியின் குறை என்று எழுதிவிட்டு அடுத்த டெண்டரில் வேறு பிராண்ட் கேட்கிறோம். பிராண்ட் மாறும், உப்பு அதே இடத்தில் இருக்கும்.

சோதிப்பது கடினமில்லை. பிரெஸ்ல் பேட்ச் என்று ஒரு சிறு ஒட்டுப்பட்டை, நடுவில் ஒரு சவ்வு அறை. தகட்டில் ஒட்டி, ஊசிக்குழலால் தூய நீரை உள்ளே செலுத்தி, இழுத்து, மறுபடி செலுத்தி, பரப்பிலுள்ள உப்பைக் கரைத்தெடுத்து, அந்த நீரின் மின்கடத்தலை மீட்டரில் பார்க்க வேண்டும். சில நிமிட வேலை. அளவு அதிகமாக வந்தால் திருத்தம் என்ன? மறுபடி பிளாஸ்டிங் செய்வது மட்டும் போதாது; குழியின் அடியில் இருக்கும் உப்பை உலர்ந்த கிரிட் முழுக்க எடுக்காது, சில நேரம் மேலும் உள்ளே தள்ளும். நல்ல தண்ணீரில் அழுத்தமாகக் கழுவி, உலரவிட்டு, கழுவியதால் வந்த துரு போக மறுபடி பிளாஸ்டிங் செய்து, மறுபடி சோதிக்க வேண்டும். சில இடங்களில் இந்தச் சுற்று இரண்டு முறைகூடப் போகும்.

"நல்ல தண்ணீர்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். நம் கடலோரச் சைட்டுகளில் கழுவுவதற்குக் கிடைப்பது பெரும்பாலும் போர் தண்ணீர். வாயில் வைக்க முடியாத உவர்ப்பு. அதை ஊற்றிக் கழுவிவிட்டு உப்புச் சோதனை செய்தால் கழுவுவதற்கு முன்பிருந்ததைவிட அதிகமாக வருவதைப் பார்த்திருக்கிறேன். கழுவும் தண்ணீரின் மின்கடத்தலுக்கு ஒரு வரம்பும், லாரித் தண்ணீருக்கான செலவும் உங்கள் மதிப்பீட்டில் இருந்தால்தான் இது தீரும். இல்லாவிட்டால் கான்ட்ராக்டர் மோட்டாரைத்தான் போடுவார்.

கிரிட்டுக்கும் இதே கதை. நம் பக்கம் காப்பர் ஸ்லாக் (தாமிரம் உருக்கும்போது மிஞ்சும் கசடு) தான் அதிகம் ஓடுகிறது. திறந்தவெளியில் அது ஒருமுறை அடித்துவிட்டுக் கழிக்க வேண்டிய பொருள். அடித்து உடைந்த தூளைத் தரையிலிருந்து மண்ணோடு கூட்டி அள்ளி, சல்லடையில் போட்டு, மறுபடி பிளாஸ்டிங் கலனில் கொட்டுவது சைட்டில் சாதாரணம். உடைந்த துகள் மொண்ணை. வேண்டிய சொரசொரப்பைத் தராது. கூட்டும்போது கடலோர மண்ணும் அதன் உப்பும் சேர்ந்து வரும். ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் கிரிட்டும் தூய நீரும் போட்டுக் குலுக்கினால் போதும்: மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா, நீரின் மின்கடத்தல் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஆற்று மணலைப் போட்டு உலர் பிளாஸ்டிங் செய்வதை வெளிப்படையாகத் தடைசெய்து எழுதுங்கள். மணல் தூளின் சிலிக்கா நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ், 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் இருக்கிறது. பிரிட்டனில் இரும்பு வார்ப்புகளுக்கு மணல் பிளாஸ்டிங்கை 1949-லேயே நிறுத்திவிட்டார்கள். நம் ஊரில் இன்றும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நாசில் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

மாலை நேரத்து பிளாஸ்டிங் பற்றி ஒரு நிகழ்ச்சி. சென்னைக்கு வடக்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு குழாய்த் தாங்கியின் தூண்கள். அன்றைய இலக்கை எட்ட வேண்டும் என்று இருட்டும்வரை பிளாஸ்டிங் ஓடியது. பிரைமர் கலக்க நேரமில்லை. தார்ப்பாலினைப் போர்த்திவிட்டுப் போனார்கள். காலையில் தார்ப்பாலினை விலக்கினால் வெள்ளைச் சாம்பல் நிறத்தில் இருந்த தூண் முழுக்க இளஞ்செம்மை பூத்திருந்தது. விரலால் தடவினால் விரலில் ஒட்டியது. மறுபடி ஒரு ஓட்டம் பிளாஸ்டிங் செய்ய வேண்டும் என்றேன். கம்ப்ரஸரை வேறு இடத்துக்கு மாற்றியாகிவிட்டது, கிரேன் பத்து மணிக்கு வருகிறது என்றார் சைட் மேனேஜர். நான்கு பேர் கம்பி பிரஷ்ஷோடு ஏறினார்கள். செம்மை போனது, கீழே பளபளப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் பிரைமரும் விழுந்தது. என் அறிக்கையில் "ஏற்கப்படவில்லை" என்று எழுதினேன். அந்த அறிக்கைக்கு வேலையை நிறுத்தும் அதிகாரம் ஒப்பந்தத்தில் எங்குமே இல்லை. அடுத்த மழைக்காலம் முடிந்தபோது தூண்களின் வடகிழக்குப் பக்கம் பட்டை பட்டையாக உரிந்திருந்தது. காரணம் என்ன என்று கேட்ட கடிதம் பெயின்ட் கம்பெனிக்குப் போனது.

அங்கே நடந்ததற்குக் கணக்கு உண்டு. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் டியூ பாயின்ட் (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) ஏறத்தாழ 27 டிகிரி. இரும்பின் வெப்பநிலை டியூ பாயின்ட்டுக்கு மேல் குறைந்தது 3 டிகிரி இருக்க வேண்டும் என்பது பொது விதி. அதாவது இரும்பு 30-ஐத் தாண்டியிருக்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் திறந்தவெளி இரும்பு வானத்துக்கு வெப்பத்தை விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். அதனால் நம் கடலோரத்தில் பிளாஸ்டிங்கை வெயில் ஏறி இரும்பு சூடான பிறகு தொடங்கி, அன்றைக்குப் பிரைமர் அடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் செய்து, பனி இறங்குவதற்கு முன்னால் மூடிவிட வேண்டும். ஒரு நாளில் இத்தனை சதுர மீட்டர் என்று இலக்கு வைக்கும்போது இந்த நேரத்தையும் கணக்கில் எடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்தவெளி பிளாஸ்டிங்கை வைக்காமல் வேலைத்திட்டம் போட முடியாதா? முடியாது என்றால் கூடாரமும் டீஹியூமிடிஃபையரும் (காற்றின் ஈரத்தை எடுக்கும் இயந்திரம்) மதிப்பீட்டில் இருக்கட்டும்.

தூசி பற்றிச் சுருக்கமாக: பிளாஸ்டிங் முடிந்த பரப்பில் ஒட்டு டேப்பை அழுத்தி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டினால், தூசி எவ்வளவு, எந்த அளவுத் துகள் என்பது படத்தோடு ஒப்பிடத் தெரியும். எண்ணெய்க் காற்றால் ஊதித் தள்ளுவதைவிட வாக்குவம் நல்லது. சொரசொரப்பின் ஆழம் பெயின்ட் கம்பெனி கேட்பதைவிடக் குறைந்தால் கூர்மையான கிரிட்டால் மறு பிளாஸ்டிங். மிஞ்சினால் முனைகள் பிரைமருக்கு வெளியே நீட்டிக்கொண்டு துருப்புள்ளிகள் வரும், கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் மேலே போகக்கூடாது.

ஏற்கெனவே பெயின்ட் உள்ள பழைய கட்டுமானத்தில், துருப்பிடித்த இடத்தை மட்டும் தேய்த்து அடிக்கும் வழக்கம் பல ஆண்டுகளாக ஓடுகிறது. பழைய பெயின்ட்டின் விளிம்பைக் கத்தியால் நெம்பிப் பாருங்கள். பெயர்ந்து வந்தால், பெயராத இடம்வரை போய், அங்கே விளிம்பைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். எங்கே நெம்பினாலும் பெயர்ந்தால், மேலே மேலே அடிப்பது வீண். ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலம் 1890-ல் திறந்தது. அதற்குப் பெயின்ட் அடித்து முடியாது என்பது ஆங்கிலத்தில் பழமொழியாகவே ஆகிவிட்டது. 2000-களில் கூடாரம் கட்டி, நூறாண்டுப் பெயின்ட் அடுக்குகளை பிளாஸ்டிங்கில் எடுத்து வெற்று இரும்புவரை போய், கண்ணாடித் துகள் கலந்த எபாக்ஸி அடித்தார்கள். 2011-ல் வேலை முடிந்தது. இருபத்தைந்து ஆண்டாவது தாங்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆண்டு தவறாமல் பெயின்ட் அடிக்க நிதி கேட்கும் கோப்புகள் உங்கள் மேசையில் எத்தனை இருக்கின்றன என்று ஒருமுறை பாருங்கள்.

"தனி ஐட்டம் போட்டால் ஆடிட்டில் கேட்பார்கள்" என்று உங்களில் சிலர் என்னிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறீர்கள். கேட்கட்டும். கப்பல் துறையில் இது 2006-லேயே சர்வதேச விதியாகிவிட்டது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு பேலஸ்ட் தொட்டிகளின் (கப்பலை நிலையாக வைக்கக் கடல்நீர் நிரப்பும் தொட்டிகள்) பூச்சுக்கு ஒரு தரம் வகுத்தது. 15 ஆண்டுகள் தாங்குவது இலக்கு. விளிம்பை 2 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுக்குவது அல்லது மூன்று முறை கிரைண்டிங் செய்வது, எஸ்ஏ 2½, சொரசொரப்பு 30 முதல் 75 மைக்ரான், உப்பு சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மிகாமல் இருப்பது என்று ஒவ்வொன்றும் அதில் எண்ணாக இருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொன்று: வேலை தொடங்குவதற்கு முன்பே கப்பல் கட்டுபவர், கப்பல் உரிமையாளர், பெயின்ட் கம்பெனி மூவரும் ஆய்வு முறையை ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும், தகுதிச் சான்று பெற்ற ஆய்வாளர்தான் பார்க்க வேண்டும், எல்லாப் பதிவும் கப்பலோடு கோப்பாக இருக்க வேண்டும். கொப்புளம் வந்த பிறகு யார் குற்றம் என்று தேடும் வேலை இல்லை, பதிவைத் திறந்தால் தெரிந்துவிடும். அந்த ஆவணத்தைக் காட்டினால் எந்த ஆடிட்டரும் ரேட் அனாலிசிஸைப் புரிந்துகொள்வார். கூடுதல் ஆதரவு வேண்டுமென்றால் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, மண்டபத்தில் அவர்களுக்குக் கடலோர அரிப்புச் சோதனைக்களமும் உண்டு. கேட்டால் ஆலோசனை கிடைக்கும்.

ஒரு விஷயத்தை உங்களில் யாரும் கேட்டதில்லை, நானே சொல்கிறேன். நாசில் பிடிக்கும் ஆளுக்குப் பெரும்பாலும் சதுர மீட்டர் கணக்கில் கூலி. இன்றைக்கு அவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவராக இருப்பார். "மறுபடி அடி" என்று நான் சொல்லும்போது, அந்த இரண்டாம் ஓட்டத்துக்கு அவருக்குக் கூலி இல்லை. தகட்டில் உப்பு இருந்தது அவர் குற்றமில்லை. காலையில் துரு பூத்ததும் அவர் குற்றமில்லை, பிரைமர் ஆள் வரவில்லை. ஆனால் திருத்தத்தின் செலவு கடைசியில் அவர் தலையில் விழுகிறது. பிறகு அவர் ஏன் குறையை என்னிடம் காட்டப் போகிறார்? பார்க்கும் முதல் ஆள் அவர்தான். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அரை அடி தூரத்தில் பார்க்கிறார். தகட்டில் அடுக்குப் பிரிந்திருப்பதும், பிளாஸ்டிங்கில் திறந்துகொள்ளும் பின்ஹோலும் அவருக்குத்தான் முதலில் தெரியும். திருத்த வேலைக்கு மணிக்கணக்கில் ஒரு ரேட் உங்கள் ஷெட்யூலில் இருந்தால், அந்தக் கண்கள் நமக்குப் பயன்படும்.

ஆகவே அடுத்த ஆவணத்தில் இப்படி எழுதுங்கள். வெல்ட், விளிம்பு திருத்தம் பி3-க்கு, ஃபேப்ரிகேட்டர் பொறுப்பு, பிளாஸ்டிங்குக்கு முன் கூட்டாய்வு. எண்ணெய் நீக்கமும் நல்ல தண்ணீர்க் கழுவலும் தனி ஐட்டம். பிளாஸ்டிங் தனி ஐட்டம், அளவெடுத்துப் பிரைமருக்கு முன்பே பில். வேலையின் முதல் நாளில் ஒரு சதுர மீட்டர் மாதிரி செய்து, எல்லோரும் ஒப்புக்கொண்டபின் நிறமில்லாத வார்னிஷ் அடித்துச் சைட்டிலேயே வைப்பது. பிறகு "திருப்தி" பற்றிய விவாதம் வந்தால் அந்தத் தகட்டின் முன் போய் நின்றால் போதும். உப்பு, தூசி, சொரசொரப்பு, டியூ பாயின்ட் நான்குக்கும் எண்ணும் படிவமும். அந்தப் படிவத்தில் ஆய்வாளர் கையெழுத்து இல்லாமல் பிரைமர் டப்பா திறக்கக்கூடாது. மீறி அடித்தால் அடித்தவர் செலவில் வெற்று இரும்புவரை எடுக்க வேண்டும். அந்த ஆய்வாளரின் சம்பளம் பெயின்ட் கான்ட்ராக்டர் கையிலிருந்து போகக்கூடாது. கடைசி வரியைச் சேர்க்கத்தான் உங்களுக்குச் சிரமம் இருக்கும் என்று தெரியும், ஆனால் அது இல்லாவிட்டால் மற்றவை காகிதம்தான்.

வேலை உத்தரவு ஏற்கெனவே போய்விட்டது, இனி ஒப்பந்தத்தைத் திருத்த முடியாது என்பவர்கள் இரண்டு காரியம் செய்யலாம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் பெயின்ட் கம்பெனியின் டேட்டா ஷீட்டைப் பின்பற்ற வேண்டும் என்ற வரி இருக்கும். அந்த ஷீட்டிலேயே தயாரிப்புத் தரமும் சொரசொரப்பும் இரும்பின் வெப்பநிலையும் எழுதியிருக்கிறது. அதை அச்செடுத்து அடுத்த சைட் மீட்டிங்கின் நடவடிக்கைக் குறிப்பில் இணைத்துவிடுங்கள், கான்ட்ராக்டர் மறுக்க முடியாது. இரண்டாவது, உப்புச் சோதனை கிட் ஒன்றை உங்கள் அலுவலகச் செலவில் வாங்கி, சைட்டில் இருக்கும் உங்கள் உதவிப் பொறியாளர் கையில் கொடுங்கள். எப்படிச் செய்வது என்று காட்டித்தர நான் வருகிறேன்.

இப்படிக்கு,
கடலோரச் சைட்டுகளில் வேலைபார்க்கும் ஒரு பூச்சு ஆய்வாளர்